எண்ணாமல் சொன்ன பதினெட்டு

2024 டிசம்பர் 26, வியாழக்கிழமை, காலை ஐந்து பத்து. மழை விட்டு நான்கு நாளாகியிருந்தது. பனி இறங்கி, சிவன் கோயில் தெருவிலிருந்த ஏழு விளக்குகளில் மூன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தன. கைபேசி இருபது டிகிரி என்றது. வெண்பொங்கல் வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் பதினான்கு பேர், பின்னால் ஒன்பது பேர். அவர்களில் இருமிக்கொண்டிருந்தவர்கள் ஆறு பேர். நான் இருமியதும் ஏழானது.

தொண்டையில் ஏதோ உறுத்தல் என்று முதலில் நினைத்தேன். இரண்டாவது இருமல் வந்ததும் பயந்துவிட்டேன். எனக்கு எழுபத்தோரு வயது; ஒரு இருமலுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. பயந்தது வீட்டில் பொங்கல் தொன்னையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவளை நினைத்து.

என் மனைவிக்கு முப்பது வருடமாக இளைப்பு உண்டு. மார்கழி வந்தால் கூடும், மாசியில் குறையும். முந்தைய வருடம் அது அத்தோடு நிற்கவில்லை. கார்த்திகைக் கடைசியில் ஒரு கல்யாண வீட்டில் ஒட்டிக்கொண்ட சளி நெஞ்சில் இறங்கி, மார்கழியில் புதுக்கோட்டையில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதில் நான்கு நாள் மூக்கில் குழாய். அங்கிருந்த டாக்டரம்மா முதல் நாளே என்னிடம், "சார், கையில வாட்ச் இருக்குல்ல? அம்மா ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடுறாங்கன்னு எண்ணிச் சொல்லுங்க" என்றார். எண்ணினேன். முப்பத்து நான்கு. நான் வாழ்க்கையில் எண்ணியவற்றில் அந்த எண்ணை மட்டும் எழுதி வைக்கவில்லை, எழுதாமலே மறக்கவில்லை.

எண்ணுவது என் தொழில். மின்வாரியத்தில் முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து வெள்ளை அட்டையில் எழுதியவன். பழைய மீட்டர்களில் ஒரு தகடு சுற்றும், அதன் விளிம்பில் கறுப்பாக ஒரு கோடு இருக்கும். கோடு ஒரு தரம் வந்துபோனால் ஒன்று. மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று சந்தேகம் வந்தால் நின்று சுற்றுகளை எண்ணுவேன். அதனால் என் எண்ணிக்கை எப்போதும் மெதுவானது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு டீ குடிக்கலாம் என்று என் மகன் சொல்வான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். "தினம் சாயங்காலம் ஒரு நிமிஷம் எண்ணுங்க, இருபத்தஞ்சைத் தாண்டினா உடனே வந்திருங்க." அடுத்தது, "வர்ற மழைக்கு முன்னால ரெண்டு பேரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கங்க. வீட்டுல யாருக்குச் சளின்னாலும் அம்மாகிட்ட அண்ட விடாதீங்க."

முதலாவதை ஒரு நாள் தவறாமல் செய்தேன். மாலை ஏழு மணிக்கு அவள் டிவி முன்னால் உட்காருவாள். நான் நாற்காலியை அவள் எதிரில் இழுத்துப்போட்டு, வாட்சையும் அவள் தோளையும் மாறி மாறிப் பார்ப்பேன். பெரும்பாலும் பதினெட்டு. சில நாள் பதினேழு. ஒரு நாள் வேண்டுமென்றே மூச்சை வேகவேகமாக இழுத்து முப்பத்தொன்று காட்டி, நான் எழுந்து சட்டையைத் தேடியதும் சிரித்துவிட்டாள். "கரண்டு பில் மாதிரி மூச்சுக்கும் பில் போடுவீங்க போல" என்றாள்.

இரண்டாவதில்தான் தவறு செய்தேன். அக்டோபரில் அவளைக் கூட்டிப்போய் ஊசி போட்டேன். ஒரு ஊசி ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய். அவளை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, என் முறைக்கு உள்ளே போனவன் ரத்த அழுத்தம் மட்டும் பார்த்துக்கொண்டு வெளியே வந்தேன். வரும்போது கையில் ஒரு பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மேசையில் கிடந்த பஞ்சு. "வலிச்சுதா?" என்று கேட்டாள். "கொஞ்சம்" என்றேன்.

ஏன் செய்தேன் என்று இப்போது யோசித்தால் காரணங்கள் மூன்று. வெயிலிலும் மழையிலும் அலைந்த முப்பத்தொரு வருடத்தில் நான் எடுத்த மருத்துவ விடுப்பு மொத்தம் பதினொரு நாள். எனக்கு எதற்கு ஊசி என்ற திமிர். அடுத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரம். மூன்றாவது, ஊசி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். இந்த மூன்றாவதை இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

அந்த மார்கழிக்கு நான் பெரிய ஏற்பாடுகள் செய்திருந்தேன். சார்ஜாவில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகன் டிசம்பர் 28 அன்று வருவதாக இருந்தான். மருமகளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, அவன் மட்டும். இரண்டு வருடம் மூன்று மாதம் கழித்து வருகிறான். ஜனவரி 10 வரை பதினான்கு நாள். விமானத்தில் வருகிறவன் என்ன கொண்டுவருவானோ என்று எனக்குக் கவலை. பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் ஏழு விதிகள் எழுதி முன்கதவில் ஒட்டினேன். சோப்புப் போட்டு இருபது எண்ணும் வரை கை கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது. பயணம் செய்தவர்கள் மூன்று நாள் முகக்கவசம் போடவேண்டும். ஜன்னல்கள் பகலெல்லாம் திறந்திருக்கவேண்டும். ஐந்தாவது விதிதான் முக்கியம்: சளி, இருமல், காய்ச்சல் வந்தவர் ஐந்து நாளாவது பின்கட்டு அறையில் தனியாக இருக்கவேண்டும், தட்டும் டம்ளரும் தனி. அதன் அருகில் 'யாராக இருந்தாலும்' என்று எழுதி, சிவப்பு மையில் இரண்டு தரம் அடிக்கோடு போட்டேன்.

கோயில் விஷயத்தில்தான் அவளோடு சண்டை. கல்யாணமாகி வந்ததிலிருந்து மார்கழி முப்பது நாளும் விடியற்காலையில் குளித்துக் கோயிலுக்குப் போய்த் தொன்னையில் பொங்கல் வாங்கி வருவது அவள் வழக்கம். நாற்பத்து நான்கு வருடத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வருடம் மட்டும்தான் விட்டுப்போனது. பனியில் போகக்கூடாது என்றேன். அவள் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. கடைசியில் ஒரு சமாதானம்: அவளுக்குப் பதிலாக முப்பது நாளும் நான் போவது; அவள் ஏழு மணிக்கு வெயில் வந்தபிறகு கோலம் போடுவது.

ஆக, வீட்டில் எல்லோருக்கும் வெந்நீர் என்று விதி எழுதியவன், கோயிலுக்குப் போகிறோமே என்று நாலேகால் மணிக்குப் பச்சைத்தண்ணீரில் குளித்து, சட்டையில்லாமல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இருமுகிறவர்கள் நடுவில் பத்து நாள் நின்றேன். பதினோராவது நாள் ஐந்து பத்துக்கு அந்த இருமல்.

அதற்கு முந்தைய நாள் கிறிஸ்துமஸ். எதிர்வீட்டு டீச்சர் வருடாவருடம் கேக்கும் முறுக்கும் வைத்த தட்டை அவரே கொண்டுவந்து கொடுப்பார். அன்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். நான் கேட்டருகில் போய் நின்றுகொண்டேன்.

"தட்டை அங்கிட்டுச் சுவர் மேல வச்சிருங்கம்மா. நான் எடுத்துக்கிறேன்."

"ஏண்ணே, கேக்குக்குமா சளி பிடிக்கும்?"

"கேக்குக்கு இல்ல. ஒங்களுக்கு."

அவர் சிரித்துக்கொண்டே தட்டை வைத்துவிட்டு, உள்பக்கம் பார்த்து, "மதினி! ஒங்க வீட்டுல செக்போஸ்ட்டு போட்டிருக்காக, நான் பெறகு வாரேன்" என்று கத்தினார். மனைவிக்கு அவமானமாகப் போய்விட்டது. "முப்பது வருசமாத் தட்டு மாத்துறவுக. சுவர் மேல வைக்கச் சொல்றீங்களே, அவுக என்ன நெனப்பாக?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படியெல்லாம் காவல் காத்தவன் மறுநாள் வெண்பொங்கலோடு இருமலையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சொல்லியிருக்கவேண்டும். என் விதி, என் கையெழுத்து. சொன்னால் நான் பின்கட்டு அறைக்குப் போகவேண்டும். இரண்டு நாளில் மகன் வருகிறான். அவன் அம்மாவோடு கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவான், நான் கொல்லை மாமரத்துக்கு அந்தப் பக்கம் அறையில் தட்டை வைத்துக்கொண்டு பார்க்கவேண்டும். வெறும் தொண்டைக் கரகரப்புதானே, இரண்டு நாளில் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருமல் வந்தால் தண்ணீர்த் தொட்டி பார்க்கிற சாக்கில் மாடிக்குப் போவேன். வியாழக்கிழமை மட்டும் பதினேழு தரம் தொட்டி பார்த்தேன். முதுகுவலி என்று சொல்லிக் கூடத்துக் கட்டிலில் படுத்தேன். அவளிடமிருந்து இரண்டு கை தூரம் விலகியே நடந்தேன். மாலை மூச்சு எண்ணும்போது நாற்காலியை இழுக்காமல் வாசற்படியிலேயே நின்று, வாட்சைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "பதினெட்டு" என்றேன்.

வெள்ளிக்கிழமையும் அதே மாதிரி ஏழு மணிக்கு "பதினெட்டு" என்றேன். உடம்பு கொதித்தது, முழங்கால் வலித்தது.

அவள் டிவியை அணைத்தாள்.

"நேத்தும் பதினெட்டு, இன்னைக்கும் பதினெட்டு. நேத்து வாசப்படியில நின்னுக்கிட்டுச் சொன்னீங்க. இன்னைக்கு நான் தோள் தெரியாமப் போர்வை போத்தியிருக்கேன், கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை.

"எண்ணாமயே நம்பர் சொல்ற ஆளா நீங்க? வீடு பூட்டியிருந்தாக்கூட மூணு நடை போயி மீட்டர் பாத்த மனுசன். என்ன ஒடம்புக்கு?"

"தொண்டை லேசா..."

"கிட்ட வராதீங்க. அங்கனயே சொல்லுங்க. எப்பலேர்ந்து?"

"நேத்து காலையில அஞ்சு பத்து."

அந்த நிலையிலும் மணியைச் சரியாகச் சொன்னதற்கு அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும்; உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, "ஊசிதான் போட்டீங்களே, அதையும் மீறியா வந்துருச்சு?" என்றாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். ஊசி போட்டவர்களுக்கும் சில சமயம் வரும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தார். ஆனால் காய்ச்சலில் எனக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. பஞ்சு விஷயத்தைச் சொன்னேன்.

 அவள் கேட்டது ஒரே கேள்வி.

"எனக்கு வந்திருந்தா?"

 முப்பத்து நான்கு என்ற எண் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது.

அவள் எழுந்து, நான் வாங்கி வைத்திருந்தும் ஒரு நாளும் தொடாத முகக்கவசத்தை எடுத்துப் போட்டுக்கொண்டாள். என் தட்டையும் டம்ளரையும் போர்வையையும் பின்கட்டு அறையில் கொண்டுபோய் வைத்தாள். முன்கதவிலிருந்த தாளைக் கிழியாமல் உரித்து அந்த அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். ஐந்தாவது விதி என் கண் மட்டத்தில் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மகன் வந்து சேர்ந்தான். பெட்டி இழுக்கும் சத்தம், குழாயில் கை கழுவும் சத்தம். நானும் கூடவே எண்ணினேன். அவன் பதினொன்றில் குழாயை மூடிவிட்டான். பிறகு முகக்கவசத்தோடு கொல்லைக்கு வந்து ஜன்னலுக்கு நாலடி தள்ளி நின்றான். காதோரம் நரைத்திருந்தது. எனக்குத் தெரியாமல் எப்போது நரைத்தது என்று நினைத்தேன்.

"என்னப்பா, எனக்காகப் போட்ட ஜெயில்ல நீங்க உக்காந்திருக்கீங்க?"

"வாடா. சாப்பிட்டியா?"

"அம்மா இட்லி வைக்குது. ஒங்களுக்குக் கஞ்சியாம். ஜெயில்ல வேற என்ன போடுவாக?"

அன்று மத்தியானமே ஒரு காரை வாடகைக்குப் பிடித்து, நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, என்னைப் பின்சீட்டில் வைத்து டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். காய்ச்சல் நூற்றிரண்டு. படம் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சில் ஒன்றும் இறங்கவில்லை. மாத்திரை, கஞ்சி, ஓய்வு, தனி அறை. "அம்மா எப்படி இருக்காங்க?" என்றுதான் அவரும் முதலில் கேட்டார். அவள் மூச்சை எண்ணும் வேலையை அன்றிலிருந்து மகனிடம் ஒப்படைத்தேன்.

சாயங்காலம் நொச்சி இலை ஒடித்துவந்து, பானையில் கொதிக்கவைத்து, அறை வாசலில் கொல்லைப் பக்கமாக வைத்தான். நான் முக்காலியில் உட்கார்ந்து போர்வையைப் போர்த்திக்கொண்டேன். அந்த வாசனை வந்ததும் எனக்கு அவனுடைய எட்டு வயது ஞாபகம் வந்தது.

அப்போது அரைப்பரீட்சை லீவு விட்டால் ஒரு நாளாவது அவனை எங்காவது கூட்டிப்போகவேண்டும். அந்த வருடம் சித்தன்னவாசல். பஸ்ஸில் அவன் காதை மறைத்து மப்ளர் கட்டினாள் அவன் அம்மா. பஸ் திரும்பியதும் அவன் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டான். குன்றின் மேல் சமணர்களின் கல் படுக்கைகளை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு. திரும்பிப் பார்த்தால் அவன் ஒரு படுக்கையில் கண்ணை மூடிக் கையைக் கட்டி மல்லாந்து கிடக்கிறான். கல் ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது. "சாமியார் எந்திரிங்க" என்றாலும் எழுந்திருக்கவில்லை. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபிறகுதான் தவம் கலைந்தது. மறுநாள் நல்ல காய்ச்சல். கல்லால் வந்ததா, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தும்மிய ஆளால் வந்ததா, யார் கண்டது? பழி கல் படுக்கைக்கும் எனக்கும்.

அந்த லீவில் தினமும் இரண்டு வேளை ஆவி. பானைக்கு இந்தப் பக்கம் அவன் போர்வைக்குள், அந்தப் பக்கம் நான். "இருநூறு எண்ணுறவரை வெளிய வரக்கூடாது" என்று சொல்லி நான் எண்ணுவேன், மீட்டர்த் தகடு சுற்றுகிற வேகத்தில். "அப்பா, சீக்கிரம் எண்ணுங்கப்பா" என்று உள்ளேயிருந்து அழுகைக் குரல் வரும். சளி கெட்டியாக இருந்த நாட்களில் நூற்று இருபது வந்ததும் சத்தமில்லாமல் நூறுக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி எண்ணுவேன். அவனுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். எண்ணி முடித்ததும் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, அவன் அம்மா கொடுக்கும் சுக்குமல்லிக் காப்பியைக் குடித்துவிட்டு என் மடியிலேயே தூங்கிப்போவான். அப்போது எனக்குச் சளி ஒட்டும் என்று யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. ஒட்டினாலும் பரவாயில்லை என்றிருந்த வயது அது.

"இருநூறு வரைக்கும்" என்றான் மகன் வெளியிலிருந்து. எண்ண ஆரம்பித்தான். சார்ஜாக்கார வேகம். ஐம்பது, அறுபது, உடனே தொண்ணூறு.

"டேய், அறுபதுக்கப்புறம் தொண்ணூறா?" என்றேன் போர்வைக்குள்ளிருந்து.

"அன்னைக்கு நூத்தி இருபதுலேர்ந்து நூறுக்குத் திரும்பிப் போவீங்களே, அந்தக் கணக்கை நேர் பண்ணுறேன்."

அடுப்படி ஜன்னலிலிருந்து அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. சிரிப்புக்கு நடுவில் இழுப்பு இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இல்லை.

அடுத்த ஐந்து நாளும் அப்படியே போயின. எதிர்வீட்டு டீச்சர் ஒரு நாள் தூக்குச்சட்டியில் ரசம் கொண்டுவந்து கொல்லைச் சுவர் மேல் வைத்துவிட்டு, "அண்ணே, அங்கிட்டே இருங்க. நான் போனப்புறம் எடுத்துக்கங்க" என்றார். "நாட்டுக்கோழி ரசம். மார்கழின்னு பாக்காதீங்க, மதினிகிட்டச் சொல்லிட்டேன்." நான் மார்கழி பார்க்கவில்லை.

ஏழு மணிக்குத்தான் எனக்கு உயிர் போய் வரும். மகன் கூடத்திலிருந்து எண்ணைச் சத்தமாகச் சொல்வான். சனி பதினெட்டு. ஞாயிறு பத்தொன்பது. திங்கள்கிழமை, "இருபத்தி ரெண்டு" என்றான். நான் கதவைத் திறந்து படியில் கால் வைத்துவிட்டேன். "உள்ள போங்க!" என்று இரண்டு குரல்கள் ஒன்றாக வந்தன. "இப்பத்தான் மாவாட்டிட்டு வந்து உக்காந்தேன், அதுக்குள்ள எண்ணிட்டான்" என்றாள் அவள். பத்து நிமிடம் கழித்து மறுபடி எண்ணச் சொன்னேன். அந்தப் பத்து நிமிடத்தில் ஐந்தாவது விதியை எத்தனை முறை படித்தேன் என்று எண்ணவில்லை. "பதினெட்டு" என்றான். "போர்வை போத்தியிருக்காளா?" என்றேன். "இல்லப்பா, தோள் தெரியுது" என்றான். அவனுக்கும் சொல்லியிருக்கிறாள்.

புத்தாண்டன்று காய்ச்சல் விட்டது. மறுநாளும் வரவில்லை. ஜனவரி 3 வெள்ளிக்கிழமை காலையில் அவளே வந்து கதவிலிருந்த தாளை உரித்தாள். அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஊசியா, முகக்கவசமா, இரண்டு கை தூரமா, எது காப்பாற்றியது என்று எனக்குத் தெரியாது. என் மறைப்பு காப்பாற்றவில்லை என்பது மட்டும் தெரியும். அன்று ஏழு மணிக்கு நாற்காலியை அவள் எதிரில் இழுத்துப்போட்டேன்.

"கிட்ட வந்து எண்ணுங்க" என்றாள். பதினெட்டு.

9ஆம் தேதி, மகன் கிளம்புவதற்கு முதல் நாள், அவன் என்னை பஸ்ஸில் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் ஊசி போடவைத்தான். ஒருதரம் வந்துவிட்டதே, இனி எதற்கு என்று கேட்டுப் பார்த்தேன். ஃப்ளூவில் வேறு வகைகளும் உண்டு என்றார் டாக்டரம்மா. இந்தத் தடவை மகன் உள்ளேயே வந்து நின்று ஊசி இறங்குவதைப் பார்த்தான். பஞ்சை அவனே அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

அவன் இருந்த பதினான்கு நாளில் ஆறு நாள் ஜன்னல் வழியாகப் போனது. அதை வரவுப் பக்கத்தில் எழுதுவதா, செலவுப் பக்கத்தில் எழுதுவதா என்று தெரியவில்லை. மற்றதை எழுதி வைத்திருக்கிறேன்: கார் வாடகை தொள்ளாயிரம், டாக்டர் நானூறு, படமும் ரத்தப் பரிசோதனையும் ஆயிரத்து நூற்று ஐம்பது, மாத்திரை எண்ணூற்று அறுபத்தெட்டு, தைலம் நாற்பத்தைந்து, முகக்கவசம் நூற்று இருபது, பஸ் எண்பது, அக்டோபரில் மிச்சம் பிடித்த அதே ஊசி ஆயிரத்துத் தொள்ளாயிரம். மொத்தம் ஐயாயிரத்து நானூற்று அறுபத்து மூன்று ரூபாய்.